ஸ்போர்ட்ஸ்டர் 883: 11 வருட உறவு

மில்வாக்கிக்கு வேலைக்கு வந்த புதிதில், 2014-ல், பழைய வண்டியாக வாங்கியது இந்த 2005 மாடல் ஹார்லி டேவிட்சன் ஸ்போர்ட்ஸ்டர் 883. அப்போதிருந்து 11 வருடம் என் கையில் ஓடியிருக்கிறது.

இது கார்புரேட்டர் வண்டி. ஸ்போர்ட்ஸ்டருக்கு ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் வந்தது 2007-ல்தான். குளிர்ந்த காலையில் சோக்கை இழுத்துப் பட்டனை அழுத்தினால் ஒரு குலுக்கலில் பிடித்துக்கொள்ளும். ஐடிலில் நிற்கும்போது கண்ணாடி, ஹேண்டில், முன்சக்கரம் எல்லாம் ஆடும். ஓட ஆரம்பித்ததும் அடங்கிவிடும். 2004-லிருந்து எஞ்சினை ரப்பர் மேல் உட்காரவைத்த பலன் அது. அந்தச் சத்தத்துக்கும் காரணம் உண்டு. 45 டிகிரியில் நிற்கும் இரண்டு சிலிண்டர்களின் பிஸ்டன் ராடுகளும் கிராங்க் என்ற சுழலும் தண்டில் ஒரே பின்னில் மாட்டியிருப்பதால் வெடிப்பு சம இடைவெளியில் விழாது. கிராங்க் 315 டிகிரி சுற்றியதும் ஒன்று, அப்புறம் 405 டிகிரி சுற்றியதும் ஒன்று. இத்தனை வருடம் கேட்டும் எனக்கு அது சலிக்கவில்லை.

குறைகள்? டேங்க் சின்னது, 100 மைல் தாண்டினாலே பங்க் தேட வேண்டும். பின் சஸ்பென்ஷன் கட்டை. பள்ளம் நேராக முதுகெலும்புக்கு வந்து சேரும்.

பராமரிப்பு சுலபம். பெல்ட் டிரைவ் என்பதால் செயினுக்கு எண்ணெய் போடும் வேலை இல்லை. வால்வு இடைவெளியை எண்ணெய் அழுத்தத்தில் தானே சரிசெய்துகொள்ளும் ஹைட்ராலிக் லிஃப்டர் இருப்பதால் டேப்பெட் அட்ஜஸ்ட் பண்ணவும் தேவையில்லை. ஒருமுறை மட்டும் வெளியே ஒரு ஒர்க்‌ஷாப்பில் ஆயில் மாற்றக் கொடுத்தேன். எஞ்சின் ஆறியிருக்கும்போது அளவு பார்த்து, குறைவாக இருக்கிறதென்று மேலே ஊற்றிவிட்டார்கள். இதில் ஆயில் தனி டேங்கில் இருக்கிறது. வண்டி நின்றால் கொஞ்சம் எஞ்சினுக்குள் இறங்கிவிடும். சூட்டில்தான் பார்க்க வேண்டும். அதிகமானது ஏர் கிளீனர் வழியாகக் கசிந்து என் வலது காலணியெல்லாம் எண்ணெய். அன்றிலிருந்து எல்லாம் நானேதான்.

ஸ்போர்ட்ஸ்டர் பிறந்தது 1957-ல், இங்கிலாந்து பைக்குகளுக்குப் போட்டியாக. 1969-ல் ஏஎம்எஃப் என்ற அமெரிக்க நிறுவனம் ஹார்லியை வாங்கியபின் தரம் சரிந்தது, ஜப்பான் வண்டிகள் சந்தையைப் பிடித்தன. 1981-ல் நிர்வாகிகள் 13 பேர் சேர்ந்து கம்பெனியைத் திரும்ப வாங்கினார்கள். அதற்கப்புறம் வந்த எவல்யூஷன் எஞ்சின்தான் கம்பெனிக்கு உயிர் கொடுத்தது. 1986-ல் அது ஸ்போர்ட்ஸ்டருக்கும் வந்தது. என் வண்டியில் ஓடுவது அந்த வம்சம்தான்.

ஐரோப்பாவின் யூரோ 5 புகை விதி அங்கே அந்த எஞ்சின் ஸ்போர்ட்ஸ்டரை நிறுத்தியது. அமெரிக்காவில் 2022 மாடலோடு முடிந்தது. இப்போதைய ஸ்போர்ட்ஸ்டர் எஸ் தண்ணீரில் குளிரும் 1250 சிசி வண்டி. வேகத்திலும் பிரேக்கிலும் என்னுடையது அதன் பக்கத்தில் நிற்க முடியாது. ஆனால் காற்று மட்டுமே குளிரவைக்கும் என் எஞ்சினின் துடுப்பு போன்ற தகடுகளைத் துணியால் துடைக்கும்போது, உள்ளே எது எங்கே இருக்கிறதென்று எனக்குத் தெரியும். அதை விட்டுக்கொடுக்க மனமில்லை.

பழையது வாங்குபவர்கள் முதலில் ஏர் கிளீனர் மூடியைக் கழற்றிப் பாருங்கள். உள்ளே எண்ணெய் இருந்தால் பயந்து ஓடிவிடாதீர்கள். 20 நிமிடம் ஓட்டி, சூட்டோடு ஆயில் அளவைப் பார்த்துவிட்டு அப்புறம் முடிவெடுங்கள்.