கழுத்துப்பட்டை சென்சார்: பருவ எச்சரிக்கையைவிட அசை போடும் கணக்குதான் பெரிது

கறவை மாட்டுக்குக் கழுத்துப்பட்டை சென்சார் வாங்கலாமா என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: மாடுகளைக் கட்டி வளர்க்கிறீர்களா, அவிழ்த்து விட்டா? அதைத் தெரிந்துகொண்டுதான் மேற்கொண்டு பேச முடியும்.

என்னிடம் கறவையில் இருக்கும் மாடுகள் திறந்த கொட்டகையில் தாமாக நடமாடும். கன்று ஈன நெருங்கியவையும் வைத்தியத்தில் இருப்பவையும் கட்டுத்தறியில் நிற்கும். எல்லாவற்றுக்கும் பட்டை மாட்டி, கோடை, மழை இரண்டும் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

பட்டையில் இருப்பது தண்ணீர் புகாத சின்னப் பெட்டி. அதற்குள் மூன்று திசையிலும் அசைவை அளக்கும் முடுக்கமானி. பெட்டி கழுத்தின் பக்கவாட்டிலேயே நிற்க, கீழே ஒரு எடை தொங்குகிறது. மாடு தலையை ஆட்டுவது, தீவனம் தின்பது, அசை போடுவது, சும்மா நிற்பது ஒவ்வொன்றுக்கும் அசைவின் தாளம் வேறு. பெட்டி அதைப் பிரித்தறிந்து ரேடியோ அலையில் கொட்டகையிலுள்ள ரிசீவருக்கு அனுப்புகிறது. அங்கிருந்து இணையம் வழியாக நம் போனுக்கு வருகிறது. நெட் போனாலும் பட்டை தகவலைச் சேர்த்து வைத்திருந்து பிறகு அனுப்பிவிடும். இதில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

பெரும்பாலோர் இதை வாங்குவது பருவம் பார்க்கத்தான், அதாவது மாடு சினைக்குத் தயாராகும் நேரத்தைக் கண்டுபிடிக்கத்தான். பருவத்துக்கு வந்த மாடு வழக்கத்தைவிடப் பல மடங்கு நடக்கும் என்பதைக் காலில் அடி எண்ணும் கருவி கட்டி 1970களிலேயே அளந்து காட்டிவிட்டார்கள். பருவச் சுழற்சி சராசரியாக 21 நாள். 18 முதல் 24 வரை போகலாம். மற்ற மாடு மேலே ஏறும்போது அசையாமல் நிற்கும் நேரம் சில மணி நேரம்தான். அதுவும் பல மாடுகளுக்கு ராத்திரியிலோ விடியற்காலையிலோ வந்து போய்விடும். ஒரு முறை தவறினால் மூன்று வாரம் வீண். பருவம் எப்போது தொடங்கியது என்பதைப் பட்டை சொல்லிவிடுகிறது. நாமே பார்த்திருந்தால் "காலையில் கத்தியது" என்பதற்கு மேல் தெரியாது. இப்போது ராத்திரி தொடங்கியதா, விடிந்த பிறகா என்று தெரிந்து, சினை ஊசிக்கு ஆளை அழைக்கும் நேரத்தைச் சரியாக வைக்க முடிகிறது. திறந்த கொட்டகையில் இதற்கு முழு மதிப்பெண் கொடுப்பேன்.

கட்டுத்தறியில் அப்படி இல்லை. கட்டிய மாடு எங்கே நடக்கும்? எச்சரிக்கை பாதி நேரம் வருவதில்லை. கண்ணாடி போன்ற வழும்பையும், கத்தலையும், பால் குறைவதையும் கண்ணால் பார்த்துத்தான் ஆக வேண்டும். கால் நொண்டும் மாட்டுக்கும் இதே கதை. புது மாடு ஒன்றைக் கூட்டத்தில் விட்டால், முட்டி மோதி இடம் பிடிக்கும் நாளில் பொய் எச்சரிக்கை வரிசையாக வரும். வெளியே அறிகுறி காட்டாமல் வந்து போகும் ஊமைப் பருவத்தை இது எளிதில் கண்டுபிடித்துவிடும் என்று நம்பி வாங்காதீர்கள்.

நான் இந்தப் பட்டையைக் கழற்றாமல் வைத்திருப்பதற்குக் காரணம் வேறு. அது அசை போடும் கணக்கு. நல்ல நிலையில் உள்ள கறவை மாடு ஒரு நாளில் ஏழெட்டு மணி நேரம் அசை போடும். வலி, காய்ச்சல், வயிற்றில் அமிலம் கூடுவது எதுவானாலும் முதலில் குறைவது இதுதான். செவலை என்ற என் மாடு கன்று ஈன்ற பிறகு பால் நன்றாகவே கறந்தாள். வைக்கோல் தின்றாள், எழுந்து நடந்தாள். ஆனால் போனில் அவள் அசை போடும் நேரத்தைக் காட்டும் கோடு மட்டும் கீழே இறங்கிக்கொண்டே வந்தது. போய்ப் பார்த்தால், அடர்தீவனத்தை மட்டும் மிச்சம் வைத்திருந்தாள். மருத்துவர் சிறுநீரைச் சோதித்து கீட்டோசிஸ் என்று சொன்னார், கன்று ஈன்ற மாட்டுக்கு உடலில் சக்தி போதாமல் வரும் நோய் அது. மருந்து கொடுத்த பிறகு பசிக்கு முன்பே கோடுதான் மேலே ஏறியது. பால் விழுந்த பிறகு தெரிந்திருந்தால் அந்தக் கறவைக் காலமே அடிபட்டிருக்கும். கன்று ஈனப் போகும் மாட்டுக்கும் அசை போடுவது சட்டென்று குறையும். அன்றைக்கு ராத்திரி விழித்திருக்கலாம்.

கோடையில் இன்னொன்றும் புரிந்தது. பகலில் அசை போடுவது சுருங்கி ராத்திரிக்குத் தள்ளிப்போகிறது. அதைப் பார்த்துத்தான் முக்கியத் தீவனத்தைப் பொழுது சாய்ந்த பிறகு போட ஆரம்பித்தோம், மதியத்தில் மின்விசிறியும் தண்ணீரும் கூட்டினோம்.

மடிநோயை மட்டும் இதை நம்பி விட்டுவிடக் கூடாது. பட்டைக்கு உடல் வெப்பம் தெரியாது. அதற்கு விழுங்க வைக்கும் மாத்திரை வடிவ சென்சார் உண்டு. இரண்டாம் வயிற்றில் தங்கி வெப்பத்தைச் சொல்லும். மாடு தண்ணீர் குடித்தால் வெப்பம் இறங்குவதை வைத்து எத்தனை முறை குடித்தது என்றும் கணக்கிடும். ஆனால் பேட்டரி தீர்ந்தால் வெளியே எடுத்து மாற்ற முடியாது. நான் இன்னும் ஒவ்வொரு கறவைக்கு முன்னும் முதல் பீச்சலைக் கறுப்புத் தட்டில் விட்டு, பாலில் திரி கட்டியிருக்கிறதா என்று பார்க்கிறேன்.

எனக்குக் கோபம் வருவது செயலியின் மேல். எல்லா எச்சரிக்கைக்கும் ஒரே சத்தம். பருவமும் அவசரமும் ஒன்றாகவா ஒலிக்க வேண்டும்? அதைவிடப் பெரிய குறை, வரலாறு மாட்டோடு சேராமல் பட்டையோடு சேர்ந்துவிடுவது. மின்னணுக் காதுத் தோட்டில் 15 இலக்க எண் இருக்கிறது, அதற்கு உலகத் தர விதியும் இருக்கிறது. அந்த எண்ணோடு பதிவைக் கட்டியிருந்தால் பட்டையை யாருக்கு மாற்றினாலும் கணக்குக் குழம்பாது. இங்கே குழம்புகிறது. சந்தா நின்றால் பழைய பதிவைப் பார்க்கவும் முடியாது. வாங்கும் முன்பே "என் மாட்டின் தகவலை நான் கோப்பாக எடுத்துக்கொள்ளலாமா?" என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கிடேரிகளுக்கு மாட்டியவர்கள் கொக்கியை அடிக்கடி தளர்த்த வேண்டும். கழுத்து பெருக்கும்போது பட்டை இறுகித் தோல் தேய்ந்துவிடும்.

திறந்த கொட்டகை, நிறைய மாடு, ராத்திரிக் காவலுக்கு ஆள் இல்லை என்றால் தயங்காமல் வாங்கலாம். கட்டி வளர்ப்பவர்கள் பருவத்துக்காக வாங்க வேண்டாம். சில பட்டைகளை மட்டும் வாங்கி, ஈனுவதற்கு மூன்று வாரம் முன்பிருந்து கறவை நிலைப்படும்வரை மாட்டி, அப்புறம் அடுத்த மாட்டுக்கு மாற்றுங்கள். ஒவ்வொரு மாற்றலின்போதும் தேதியையும் தோட்டு எண்ணையும் நோட்டில் எழுதி வையுங்கள். இந்தச் செயலியில் அது தங்காது.