ஒரே மாதிரி முப்பது பாலங்களா, முப்பது விதமான பொருள்களா?

ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை படிக்கிற பிள்ளைகளுக்கு புராஜெக்ட் கொடுப்பதில் மூன்று வழிகளைப் பார்க்கலாம். எல்லோரும் ஒரே பொருளை, பாலம் என்றால் பாலத்தை, ஒரே செய்முறைத்தாளைப் பார்த்துச் செய்வது முதல் வழி. எதைச் செய்வது, எதைக் கொண்டு செய்வது எல்லாமே மாணவர் விருப்பம் என்பது இரண்டாவது. மூன்றாவதில் எதைச் செய்வது என்று மாணவர் முடிவு செய்வார், என்னென்ன பொருள்கள், எத்தனை நாள் என்பதை ஆசிரியர் வரையறுப்பார். நான் மூன்றாவதன் பக்கம். ஆனால் மற்ற இரண்டையும் அலட்சியமாகத் தள்ளிவிட முடியாது.

செய்முறைத்தாளுக்கு உண்மையான பலம் உண்டு. அட்டையை வெட்டவே இப்போதுதான் பழகுகிற பிள்ளைக்கு, அடுத்து என்ன செய்வது என்ற கவலை இல்லாமல் கையைப் பழக்க அது உதவுகிறது. அடிப்படை தெரியாதவர்களை வழிகாட்டுதல் இல்லாமல் விட்டால், வழி தேடுவதிலேயே மனம் களைத்துப்போய்க் கற்பதற்கு இடம் மிஞ்சாது என்று கல்வி உளவியலாளர்கள் கிர்ஷ்னர், ஸ்வெல்லர், கிளார்க் ஆகியோர் 2006-ல் எழுதிய கட்டுரையில் வாதிட்டார்கள். நியாயமான எச்சரிக்கை அது. மதிப்பெண் போடுவதும் எளிது. குறை என்னவென்றால், யோசிக்க வேண்டிய இடங்களை எல்லாம் தாளை எழுதியவர் முன்பே யோசித்து முடித்துவிட்டார். பாலத்தில் குறுக்குக் குச்சி ஏன் வைக்கிறோம் என்று பிள்ளை கேட்பதில்லை. படத்தில் இருக்கிறது, வைக்கிறது.

முழுச் சுதந்திரத்தின் பலம் ஆசை. மனமார ஈடுபடும், நோக்கமுள்ள செயலே கல்வியின் மையம் என்று 1918-லேயே அமெரிக்கக் கல்வியாளர் வில்லியம் கில்பாட்ரிக் எழுதினார். தானே தேர்ந்தெடுத்த வேலை உடைந்தாலும் பிள்ளை அதை மறுபடி கையில் எடுக்கும் என்பதைப் பார்த்தவர்களுக்கு அவர் சொன்னது புரியும். ஆனால் "எதை வேண்டுமானாலும் செய்" என்றதும் பாதிப் பேர் திகைத்து நிற்கிறார்கள். மீதிப் பேர் பறக்கும் ரோபோ செய்யப் புறப்பட்டு, மூன்றாவது வாரம் கைவிடுகிறார்கள். இதைவிட என்னை அதிகம் வருத்துவது வேறு. வீட்டில் கருவிகளும் உதவ ஆளும் இருக்கிற பிள்ளை முன்னால் போய்விடுகிறது, இல்லாத பிள்ளை பின்தங்கிவிடுகிறது. சுதந்திரம் எல்லோருக்கும் ஒன்றுதான், அதைப் பயன்படுத்தும் வசதி ஒன்றல்ல.

சரி, மூன்றாவது வழி. அட்டை, ஒரு எல்இடி விளக்கு, ஒரு சிறிய மோட்டார், பேட்டரிகள். உனக்குத் தெரிந்த ஒருவருக்குப் பயன்பட வேண்டும். நான்கு வாரம். இவ்வளவுதான் விதி. ஒரு மாணவி பாட்டிக்கு மாத்திரைப் பெட்டி செய்ய முடிவு செய்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். 3 வோல்ட் பட்டன் பேட்டரியில் விளக்கு எரிகிறது. மூடியும் தானே திறந்தால் நன்றாக இருக்குமே என்று அதே பேட்டரியில் மோட்டாரை இணைக்கிறாள். அசையவில்லை. மோட்டார் கெட்டுவிட்டது என்று நினைக்கிறாள். 1.5 வோல்ட் பேட்டரி இரண்டைத் தொடராக இணைத்துப் பார்த்தால் அதே மோட்டார் சுற்றுகிறது. இதுவும் 3 வோல்ட்தானே, அப்புறம் ஏன்? எல்இடிக்குச் சில மில்லி ஆம்பியர் போதும், மோட்டாருக்கு அதைப் போலப் பல மடங்கு தேவை. பட்டன் பேட்டரியின் உள்தடை, அதாவது பேட்டரிக்குள்ளேயே மின்னோட்டத்துக்கு இருக்கும் தடை, அதிகம் என்பதால் அவ்வளவு மின்னோட்டத்தைத் தர அதனால் முடியாது. மின்னழுத்தமும் மின்னோட்டமும் வேறு வேறு என்பதை இதைவிட நன்றாகக் கற்றுத்தரும் பாடம் எனக்குத் தெரியாது.

இதே சம்பவத்தை மற்ற இரண்டு வழிகளிலும் வைத்துப் பாருங்கள். செய்முறைத்தாளில் சரியான பேட்டரி முன்பே குறிக்கப்பட்டிருக்கும், கேள்வியே எழாது. முழுச் சுதந்திரத்தில் கேள்வி எழும், ஆனால் முப்பது பேருக்கு முப்பது வேறு சிக்கல்கள், ஆசிரியர் ஒருவர். மூன்றாவதில் எல்லோர் கையிலும் அதே பொருள்கள் இருப்பதால், பாட்டியின் பெட்டியும் இன்னொருவர் தம்பிக்குச் செய்கிற விசிறியும் ஒரே இடத்தில் மாட்டிக்கொள்கின்றன. வேலையை நிறுத்தி, பத்து நிமிடம் எல்லோருக்கும் சேர்த்துச் சொல்லலாம். அந்தப் பத்து நிமிடம் ஒருவரும் வெளியே பார்க்க மாட்டார்கள், பதில் அவர்களுக்கு அப்போதே வேண்டும்.

மதிப்பிடுவதற்குக் குறிப்பேடு போதும்: முதலில் என்ன வரைந்தாய், எது உடைந்தது, எதை மாற்றினாய்.

இந்த வழி தவறிப்போகும் இடமும் உண்டு. "எல்லோரும் மாத்திரைப் பெட்டி செய்யுங்கள்" என்று இறுக்கினால் அது முதல் வழியாகிவிடும். பொருள் பட்டியலை நீட்டிக்கொண்டே போனால் இரண்டாவதாகிவிடும். இரண்டு வகுப்பு நேரம்தான் கையில் இருக்கிறது என்றால் செய்முறைத்தாளையே கொடுங்கள், அரைகுறையாய் நிற்கிற சொந்த யோசனையைவிட அது மேல். எட்டாம் வகுப்பில், இப்படி இரண்டு முறை செய்து முடித்த பிள்ளைகள் இருந்தால், பொருள் பட்டியலையும் அவர்களையே எழுதச் சொல்லலாம்.