சுவருக்குள் வயர் தேட எந்தக் காயில்?

காரைக்குடிப் பக்கம் பழைய வீட்டை விடுதியாக மாற்றும்போது எலக்ட்ரீஷியனுக்கு வரும் முதல் தலைவலி, வயர் சுவருக்குள் எந்த வழியாகப் போகிறது என்பது. முட்டை வெள்ளை சேர்த்துக் கண்ணாடி போல் இழைத்த சுண்ணாம்புப் பூச்சு அது. தப்பான இடத்தில் உளி வைத்தால், அதே பதத்தில் திரும்பப் பூச ஆள் கிடைப்பது கஷ்டம். மின்சாரம் ஓடும் வயரைச் சுற்றி 50 ஹெர்ட்ஸ் காந்தப்புலம் இருக்கும். காயில், அதாவது கம்பிச் சுருள், வைத்து அதைப் பிடிக்கலாம்.

நடுவில் எதுவும் இல்லாத பெரிய காற்று வளையம், ஃபெரைட் என்ற காந்தப் பொருளாலான ராடில் சுற்றிய காயில், சர்க்யூட் போர்டில் அச்சடித்த தட்டைச் சுருள் என்று மூன்று வழிகள். கடைசியை இப்போதே ஒதுக்கிவிடலாம். மெகாஹெர்ட்ஸில் உலோகம் எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்று பார்க்க அருமையானது. சில பத்துச் சுற்றுகளை வைத்துக்கொண்டு 50 ஹெர்ட்ஸில் ஒன்றும் செய்ய முடியாது.

மற்ற இரண்டுக்கும் கணக்குப் போடுவோம். காயிலில் வரும் மின்னழுத்தம் என்பது சுற்றுகள், பரப்பு, புலம் மாறும் வேகம் ஆகியவற்றின் பெருக்கல். 30 செ.மீ. விட்டத்தில் 200 சுற்று வளையம், 1 மைக்ரோடெஸ்லா (காந்தப்புல அளவு) சீரான புலத்தில் சுமார் 4.4 மில்லிவோல்ட் தரும். அதற்கு 30 கேஜ் கம்பி (கேஜ் எண் கூடினால் கம்பி மெலியும்) 188 மீட்டர், எடை 130 கிராம், மின்தடை 42 ஓம். 10 மி.மீ. தடிமன், 10 செ.மீ. நீள ஃபெரைட் ராடில் 36 கேஜ் 2000 சுற்று போட்டால் சுமார் 2.5 மில்லிவோல்ட், 50 ஓம். செம்பு வெறும் 22 கிராம். ஃபெரைட்டின் உட்புகுதிறன் (புலத்தைத் தனக்குள் எத்தனை மடங்கு சேர்க்கும் என்பது) 2000 என்று போட்டிருப்பதைப் பார்த்து ஏமாற வேண்டாம். நீளம் தடிமனைப் போல் 10 மடங்குதான் என்றால் கைக்குக் கிடைப்பது 50 மடங்கு அளவுதான்.

தாளில் வளையம் ஜெயிக்கிறது. சுவரில்? ஃபேஸும் நியூட்ரலும் ஒட்டிப் போவதால் இரண்டின் புலமும் பெரும்பாலும் கழிந்துவிடும். 1000 வாட் இஸ்திரிப் பெட்டியைப் போட்டுவிட்டுப் பார்த்தாலும், 10 செ.மீ. தள்ளி அரை மைக்ரோடெஸ்லாகூட மிஞ்சாது. அந்தக் கொஞ்சத்தை அகலமான வளையம் தன் பரப்பு முழுக்கக் கலந்து ஒரே கணக்காகச் சொல்லும். ஒரு பக்கம் நுழைவது மறுபக்கம் வெளியே வந்தால் அதுவும் போச்சு. ராடோ, நகர்த்த நகர்த்த ஏறி இறங்கி இடத்தைக் காட்டிவிடும். சுவர் வேலைக்கு என் ஓட்டு ராடுக்குத்தான்.

சீலிங் ஃபேனுக்குக் காயில் கட்டும் கடைகளில் 36 கேஜ் எனாமல் கம்பி நிறுத்துத் தருவார்கள். சுற்று எண்ணும் கவுன்டர் வைத்த கைமெஷினில், கம்பியை விரலிடுக்கில் லேசாக விட்டுச் சுற்றுங்கள். இழுத்தால் பட்டென்று அறும். முனைகளில் எனாமலைச் சுரண்டி, மெல்லிய ஃப்ளெக்ஸிபிள் வயரில் சால்டர் வைத்து, அந்த இணைப்பையும் பாபினோடு (கம்பி சுற்றிய கூடு) கட்டிவிடுங்கள். அப்புறம் மேலே அலுமினியத் தாள் சுற்றி எர்த் கொடுங்கள். இல்லாவிட்டால் சுவரின் மின்புலமும் சேர்ந்து குழப்பும். தாளின் இரு ஓரமும் தொடாமல் சின்ன இடைவெளி வேண்டும். தொட்டால் அதுவே ஒரு ஷார்ட் சுற்று. அலைவெண் கூடக்கூட சிக்னலைத் தின்னும்.

தோட்டத்தில் போர்வெல் மோட்டாருக்குப் புதைத்த கேபிளைத் தேடுவது வேறு கதை. ஆழம் கூடும், துல்லியம் அவ்வளவு தேவையில்லை. அங்கே வளையம்தான் சரி. ஆனால் அதைக் கையில் பிடித்து நடந்தால், 40 மைக்ரோடெஸ்லா அளவுள்ள பூமியின் புலத்தில் அது ஆடுகிற ஆட்டமே சிக்னலாகிவிடும். 30 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டும் ஃபில்டர் போட்டுக்கொள்ளுங்கள், அல்லது ஸ்டாண்டில் நிறுத்தி அளவெடுங்கள்.