சோட்டஸ் (2016) தாய் சீரிஸ்: ஜோடி சூப்பர், அந்த ‘பொண்டாட்டி’ டயலாக் தான் இடிக்குது

பிஎல் (பாய்ஸ் லவ், ரெண்டு பசங்களுக்குள்ள வர்ற காதல் கதை) பாக்கணும், எதுல ஆரம்பிக்கலாம்னு கேட்டா பாதி பேரு இதத்தான் கை காட்டுவாங்க. ஜிஎம்எம்டிவிங்குற தாய்லாந்து கம்பெனி எடுத்தது, மொத்தம் 15 எபிசோடு. இன்ஜினியரிங் காலேஜ், ராகிங்க முன்னாடி நின்னு நடத்துற தேர்ட் இயர் ஆர்த்தித், அவன எதிர்த்து நிக்குற ஃபர்ஸ்ட் இயர் கொங்ஃபோப், கதை அவ்ளோதான்.

முதல் எபிசோடுலயே அந்த சீன் வந்துரும். என்கிட்ட இருந்து கியர (சீனியருங்க ஜூனியருக்குக் குடுக்குற இன்ஜினியரிங் சின்னம்) எப்படிடா வாங்குவன்னு சீனியர் மிரட்ட, உங்கள என் பொண்டாட்டி ஆக்கிக்குறேன், அப்புறம் உங்களோடது என்னோடது தானேன்னு பையன் அசராம சொல்லுவான். எனக்கும் சிரிப்பு வந்துச்சு, பொய் சொல்ல மாட்டேன். ஆனா ஒரு ஆம்பளைய மட்டம் தட்டணும்னா அவன பொம்பளையாக்கிட்டா போதும்ங்குறது தான அங்க ஜோக்கே? நம்மூர்ல ‘போய் சேலை கட்டிக்கோ’ன்னு சொல்ற அதே புத்தி தான்.

இது இவங்க கண்டுபுடிச்சதும் இல்ல, ஜப்பான் மாங்கா காமிக்ஸோட செமே உகே அச்சு, செமே தொரத்தணும், உகே வெக்கப்பட்டு முறைக்கணும். 1992லயே மசாகி சாத்தோன்னு ஒரு கே ஆக்டிவிஸ்ட் யாவோய் (ஜப்பான்ல பொண்ணுங்களுக்காக வர்ற ஆம்பளை-ஆம்பளை காதல் கதை) எழுதுறவங்களயும் படிக்குறவங்களயும் அங்க ஒரு பெண்ணியப் பத்திரிகைல கிழிகிழின்னு கிழிச்சிருக்காரு, இன்னும் அதே அச்சு தான் ஓடுது.

ஊரையே அதட்டுற ஆர்த்தித்துக்குப் புடிச்சது ரோஸ் கலர் பால். எனக்கு ரொம்ப புடிச்ச டீடெய்ல் அது, சீனியர் வேஷம் எவ்ளோ டைட்டா இருக்குன்னு ஒரு டம்ளர்ல காட்டிட்டாங்க. ஆனா ஃபேன்ஸ் சிலருக்கு அதுவே ‘பாத்தியா, இவன் தான் பொண்டாட்டி’ன்னு ப்ரூஃப் ஆயிடுது. சீரிஸோட முடிஞ்சாலும் பரவால்ல, நடிகருங்களயும் ஜோடி ஜோடியா ஃபேன்மீட்ல நிக்க வெச்சு விக்குறாங்க, நிஜ வாழ்க்கைல யார் கூட இருக்கணும்னு கூட ஒரு கூட்டம் முடிவு பண்ணுது.

மத்தபடி ஆர்த்தித்தா வர்ற கிறிஸ்ட், கொங்ஃபோபா வர்ற சிங்தோ ரெண்டு பேரும் அருமை. அவசரமே படாம நகருற காதல், அந்த பாலத்து சீன் வர்ற வரைக்கும் பொறுமையா உக்காந்தா வீண் போகாது. ராகிங்க கடைசி வரைக்கும் பெருசா குத்தம் சொல்லாதது தனி எரிச்சல்.

5க்கு 3 குடுப்பேன். புருஷன் பொண்டாட்டி கூத்து வேணாம், ரெண்டு ஆம்பளைங்க ஒரே வீட்ல மளிகை பில்ல பாத்து பாத்து சமைச்சு சாப்பிடுறத பாக்கணும்னா ஜப்பான்ல 2019ல வந்த ‘வாட் டிட் யூ ஈட் எஸ்டர்டே’ பாருங்க, பசிக்கும், ஏதாவது கைல வெச்சுக்கிட்டு உக்காருங்க.