டிக்ளைன்: ஒரே ஆங்கிலச் சொல், ஃபின்னிஷில் எது பொருந்தும்?

பெட்ரோல் விலை இறங்கினாலும் ஆங்கிலத்தில் 'டிக்ளைன்'தான். தாத்தாவின் பார்வை மங்கினாலும் அதே சொல். கல்யாண அழைப்புக்கு 'வர இயலாது' என்று பதில் போட்டாலும், லத்தீன் வகுப்பில் பெயர்ச்சொல்லுக்கு வேற்றுமை உருபு சேர்த்தாலும் அதே சொல்தான். ஃபின்னிஷில் இந்தச் சலுகை கிடையாது. அகராதி பத்துப் பன்னிரண்டு சொற்களை நீட்டும். முதலில் கண்ணில் பட்டதை எடுத்து ஒட்டினால் வாக்கியம் சிரிப்பாய்ச் சிரித்துவிடும். எது இறங்குகிறது என்று முதலில் கேட்டுக்கொள்வதே வழி.

எண் இறங்கினால் 'லஸ்கு'. வினைச்சொல் 'லஸ்கெஆ'. விலை, வட்டி, வெப்பநிலை, பிறப்பு விகிதம் எல்லாமே இதில் அடங்கும். ஃபின்லாந்தில் ஒரு பெண்ணுக்கு இத்தனை குழந்தை என்ற கணக்கு 2010இல் 1.87, 2023இல் 1.26. இதைச் செய்தியில் 'லஸ்கு' என்றுதான் எழுதுவார்கள். உணர்ச்சி கலக்காத சொல் என்பதால் அறிக்கை எழுதுபவருக்கு இதைவிடப் பாதுகாப்பானது இல்லை. இதே 'லஸ்கு'வுக்கு 'பில்' என்றும் பொருள் உண்டு. ஹெல்சிங்கி ஓட்டலில் சாப்பிட்டு முடித்ததும் 'லஸ்கு, கீட்டோஸ்' என்றால் பில்லைக் கொண்டுவந்து வைப்பார்கள். லஸ்கெஆ என்றால் எண்ணுவது, கணக்கிடுவது என்றும் பொருள்.

விகிதம் அல்ல, தலை எண்ணிக்கை குறைகிறது என்றால் 'வாஹெதா' இன்னும் கச்சிதம். கிராமத்தில் ஆட்கள் குறைவது, பறவைகள் குறைவது மாதிரி. இந்தச் சொல்லுக்குச் சோக முகம் கட்டாயமில்லை. 'கூட்டம் குறையக் குறைய விருந்து சிறக்கும்' என்று ஃபின்னியர்களிடம் ஒரு பழமொழி இருக்கிறது. விருந்தில் பாதிப் பேர் கிளம்பிய பிறகு மிச்சமிருப்பவர்கள் சொல்லிக்கொள்வது. அதில் வருவது இந்த வினைதான்.

தரமோ வலுவோ குன்றினால் 'ஹெய்கெதா'. இதன் வேர் 'ஹெய்க்கோ', பலவீனமானது. பனிக்காலத்தில் ஏரிக்கரைகளில் 'ஹெய்க்கோ யா' என்று பலகை நட்டிருப்பார்கள்: பனிக்கட்டி வலுவில்லை, காலை வைக்காதே. கண்பார்வை, ஞாபகம், நோயாளியின் உடல்நிலை எல்லாம் இந்த வினையோடு போகும். லஸ்குவும் இதுவும் மோதும் இடம் பள்ளிக்கூடம். உலகமே ஃபின்லாந்துப் பள்ளிகளைப் புகழ்ந்துகொண்டிருந்த காலத்தில், 2006இல் நடந்த பீசா (PISA) என்ற சர்வதேச மாணவர் திறன் தேர்வில், அந்நாட்டு மாணவர்களின் கணித மதிப்பெண் 548. 2022இல் 484. மதிப்பெண்ணை மட்டும் சொன்னால் லஸ்கு போதும். பிள்ளைகளின் கற்றலே தளர்ந்துவிட்டது என்பதுதான் வாதம் என்றால் ஹெய்கெதாவின் பெயர்ச்சொல்லான 'ஹெய்க்கெனெமினென்' வேண்டும். முன்னது ஒரு வரைபடத்தை விவரிக்கிறது, பின்னது நோயைக் கண்டறிகிறது. எனக்கு இரண்டாவதுதான் நேர்மையாகப் படுகிறது.

பொருளாதாரத்துக்கு வந்தால் சொல்லைக் கவனமாக எடுக்க வேண்டும். 'தாந்துமா' என்பது மந்தம். சில காலாண்டுகள் வளர்ச்சி பின்வாங்குவது. 'லாமா' என்பது படுத்தே விடுவது. ஃபின்லாந்தில் நடுத்தர வயதினரிடம் அடைமொழி எதுவும் இல்லாமல் 'லாமா' என்றால், அவர்கள் நினைப்பு நேரே 1990களின் தொடக்கத்துக்குப் போகும். சோவியத் ஒன்றியம் உடைந்து கிழக்கு வர்த்தகம் அறுந்தது, வங்கிகள் நொடித்தன. 1990இல் 3 சதவீதத்தை ஒட்டியிருந்த வேலையின்மை 1994இல் 16 சதவீதத்தைத் தாண்டியது. அப்படிப்பட்ட சொல்லைச் சாதாரண விற்பனைச் சரிவுக்கு வைத்தால், தெருவில் தேங்கிய மழைநீரைச் சுனாமி என்பதுபோல் ஆகிவிடும். தாந்துமாவின் வினையான 'தாந்துவா', இனங்கள் அருகுவதையும் குறிக்கும். அருகிவரும் காட்டுப் பறவையான ஹொமொதியைனென் பற்றிய கட்டுரைகளில் அடிக்கடி வரும்.

'ராப்பியோ'வை நான் கடைசியில்தான் எடுப்பேன். பாழடைந்த வீடு, குடியில் அழிந்த மனிதன், ஒழுக்கம் கெட்ட அரசவை: இங்கெல்லாம் சரி. ஆனால் மொழிபெயர்ப்பாளர்களுக்கு இதன் மேல் ஒரு மோகம், இலக்கிய வாசனை அடிப்பதால். ஒரு நிறுவனத்தின் லாபச் சரிவை ராப்பியோ என்றால் முதலாளி குடிகாரரா என்று வாசகர் யோசிப்பார். இதற்கும் அப்பால் 'பெரிகாதோ', அதாவது அடியோடு அழிவு. ஷ்பெங்லர் ஜெர்மனில் எழுதிய மேற்குலகின் வீழ்ச்சி பற்றிய நூலுக்கு ஆங்கிலத் தலைப்பு 'டிக்ளைன்' என்று நிதானமாக நிற்க, ஃபின்னிஷ் தலைப்பு பெரிகாதோவையே எடுத்துக்கொண்டது. ஜெர்மன் மூலச்சொல் கப்பல் மூழ்குவதற்கும் வரும் என்பதால், இந்த இடத்தில் ஆங்கிலத்தைவிட ஃபின்னிஷ்தான் மூலத்தின் பக்கத்தில் நிற்கிறது என்பேன்.

மறுப்பது தனிக் குடும்பம். மனிதர் தானாக மறுத்தால் 'கியெல்தாய்த்யுவா'. அழைப்பை மறுத்தால் 'அழைப்பிலிருந்து' மறுத்ததாக நீங்கல் உருபு போட வேண்டும். தமிழ்க்காரர்கள் 'ஐ' உருபு போட்டு மாட்டிக்கொள்வது இங்கேதான். ஆண்களுக்குக் கட்டாய ராணுவச் சேவை உள்ள அந்த நாட்டில் ஆயுதம் ஏந்த மறுப்பவருக்கான பெயரும் இந்த வினையிலிருந்து வந்ததே. இயந்திரமோ அலுவலகமோ தள்ளினால் 'ஹ்யுலாதா': ஏற்கப்படாத வங்கி அட்டை, போனில் வரும் அழைப்பை நிராகரிக்கும் பொத்தான். கூரான சொல், ஏனென்றால் கைவிடுவதற்கும் இதுவேதான். நண்பரின் விருந்தழைப்புக்கு இதைப் போட்டுவிடாதீர்கள்.

இலக்கணப் பொருளுக்கு 'தைவுத்தா', நேர்ப்பொருள் வளைப்பது. ஃபின்னிஷில் 15 வேற்றுமைகள் என்றதும் பலர் பின்வாங்குகிறார்கள். எட்டு வேற்றுமைகளோடு வளர்ந்த நமக்கு அவ்வளவு பயம் தேவையில்லை. தாலோ, தாலொஸ்ஸா, தாலொஸ்தா, தாலோன் என்பது வீடு, வீட்டில், வீட்டிலிருந்து, வீட்டுக்குள். 'வீடு' உருபு ஏற்கும்போது 'வீட்டு' ஆவதுபோல், தெருவுக்கான 'கது' (katu) அங்கே 'கதுன்' (kadun) ஆகும்போது நடுவிலிருக்கும் t ஒலி d ஆக இளகும். கவனிக்க வேண்டியது வேறு: கடைக்காரரிடம் அட்டை ஏற்கப்படவில்லை என்று சொல்ல அகராதியில் தேடி இந்தச் சொல்லை எடுத்தால், அவர் காதில் அட்டையை வளைக்கச் சொன்னதாகத்தான் விழும்.