சிவப்புத் துண்டு: சூடாக்கிப் பாக்கிறதா, அகச்சிவப்பில பாக்கிறதா?

வெள்ளவத்தையில பிளேன்டீ குடிக்கப் போனா மச்சானோட எப்பவும் இதே சண்டைதான், நியூயோர்க் இரட்டைக் கோபுரத் தூசில கிடந்த சிவப்பு-சாம்பல் துண்டு தெர்மைட்டா (அலுமினியமும் இரும்பு ஒக்சைட்டும் கலந்த, கடும் சூட்டில எரியிற கலவை, கோபுரத்தை இதாலதான் தகர்த்தவை எண்டு சிலர் சொல்லுவினம்) வெறும் பெயின்டா எண்டு. எந்த டெஸ்டை நம்புறது எண்டு குழம்புறாக்களுக்காக எழுதுறன்.

என்ன காட்டும்?
டிஎஸ்சி (சூடாக்கிப் பாக்கிற டெஸ்ட்): சூடேற்றேக்க எவ்வளவு வெப்பம் வெளிய வருது எண்டு. தெர்மைட்தான் எண்டு சொன்ன ஹாரிட் குழுட 2009 பேப்பர்ல 430 பாகை செல்சியசுக்குக் கிட்ட அந்த வெப்பம் ஒரு உச்சத்துக்குப் போகுது.
எஃப்டிஐஆர் (அகச்சிவப்பில பாக்கிற டெஸ்ட்): என்ன பிசின், என்ன களிமண் எண்டு. 2012ல இதே மாதிரித் துண்டுகளைச் சோதிச்ச மில்லெட் எண்ட ஆய்வாளர் கண்டது எபொக்சிப் பிசின், கயோலின் களிமண், ரெண்டும் பெயின்டில வாறது.

எங்க ஏமாத்தும்?
டிஎஸ்சி: இதுதான் பெரிய கதை. 2009ல காத்தில வச்சுத்தான் சுட்டவை, காத்தில பிசினும் எரியும்தானே. கடல் காத்துக்கு எங்கட கேட்ல உரிஞ்ச ரெட் ஒக்சைட் துண்டை நான் லைட்டர்ல பிடிச்சுப் பாத்தன், சுருண்டு கருகி பொசுக்கெண்டு பத்திச்சுது, அப்ப என்ட கேட்டும் வெடிமருந்தோ? தெர்மைட்டுக்கு வெளி ஒட்சிசன் தேவையில்ல, இரும்பு ஒக்சைட்ல இருந்தே எடுக்கும், அதால ஆர்கன் மாதிரி வாயுவில செய்திருக்கோணும்.
எஃப்டிஐஆர்: உலோக அலுமினியத்தை இதால பிடிக்க ஏலாது. அதுக்கு மில்லெட் இலத்திரன் நுணுக்குக்காட்டியும் பாவிச்சவர், தனி அலுமினியம் கிடைக்கேல்ல. மில்லெட் பாத்தது வேற துண்டு எண்டு தெர்மைட் பக்கம் கத்துது.

எரியுமா எண்டு மட்டும் பாக்க டிஎஸ்சி காணும். என்ன சாமான் எண்டு தெரியோணுமெண்டா எஃப்டிஐஆரும் நுணுக்குக்காட்டியும் சேத்து. மச்சான் இன்னும் ஒத்துக்கொள்ளேல்ல, டீக்காசு மட்டும் குடுத்தவன்.