டாக்டர் சீட்டு இல்லாமல் ரத்தப் பரிசோதனை: அரிசோனா, கலிஃபோர்னியா, நியூயார்க்

மதுரையில் எங்கள் அப்பா மூன்று மாதத்துக்கு ஒருமுறை வெறும் வயிற்றோடு தெருமுனை லேபுக்குப் போவார். கையை நீட்டுவார், பணத்தைக் கட்டுவார், சாயங்காலம் ரிசல்ட்டை வாங்கி வருவார். சீட்டு எங்கே என்று யாரும் கேட்டதில்லை. அவரே அமெரிக்காவில் பிள்ளை வீட்டுக்கு வந்தால், அந்த வீடு எந்த மாநிலத்தில் இருக்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். லேபுகளின் தரத்துக்கு 1988 முதல் கிளியா என்ற மத்தியச் சட்டம் உண்டு. ஆனால் பரிசோதனையை யார் எழுதலாம் என்பதை அது மாநிலங்களிடமே விட்டுவிட்டது.

முழுக்கத் திறந்துவிட்டது அரிசோனா. உரிமம் பெற்ற லேபில் எந்தப் பரிசோதனையையும் டாக்டர் சீட்டு இல்லாமல் கேட்கலாம் என்ற சட்டத்தில் 2015 ஏப்ரலில் கவர்னர் டக் டூசி கையெழுத்திட்டார். அதற்காக முன்னின்று வாதாடியது தெரனாஸ் என்ற ரத்தப் பரிசோதனை நிறுவனம். பிறகு அதன் கருவிகள் தந்த ரிசல்ட்டுகளே நம்பத் தகாதவை என்று தெரிந்து, 2017ல் அரிசோனா மக்களுக்கு 46.5 லட்சம் டாலர் திருப்பித் தர ஒப்புக்கொண்டது. இதைக் காட்டியே இந்தச் சட்டத்தைக் குறை சொல்கிறார்கள். எனக்கு அது நியாயமாகப் படவில்லை. டாக்டர் எழுதிக் கொடுத்திருந்தாலும் தப்பான கருவி தப்பான எண்ணைத்தான் தந்திருக்கும்.

அரிசோனாவின் உண்மையான ஓட்டை வேறு இடத்தில் இருக்கிறது. தான் எழுதாத பரிசோதனையின் ரிசல்ட்டைப் பார்க்கும் பொறுப்பு டாக்டருக்கு இல்லை என்று அந்தச் சட்டமே சொல்கிறது. காகிதம் கையில் இருக்கும், படித்துச் சொல்ல ஆள் இருக்காது. முடி கொட்டுகிறதே என்று பயோட்டின் என்ற வைட்டமின் மாத்திரை சாப்பிடும் ஒரு பெண், தைராய்டாக இருக்குமோ என்று தானே போய் ரத்தம் கொடுக்கிறார் என்று வையுங்கள். சில லேப் முறைகளில் அந்த மாத்திரையே, தைராய்டைத் தூண்டும் டிஎஸ்எச் ஹார்மோனின் அளவைப் பொய்யாகக் குறைத்துக் காட்டும். டிஎஸ்எச் குறைவு என்றால் தைராய்டு அதிகம் சுரக்கிறது என்றுதான் பொதுவாகப் பொருள்; அதனால் ஒழுங்காக வேலை செய்யும் தைராய்டும் அதிகம் சுரப்பதுபோலத் தெரியும். என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று கேட்க ஒருவர் இருந்தால் ஒரு நிமிடத்தில் தீரும் விஷயம் இது. "ஃபுல் பாடி" பேக்கேஜிலும் இதே சிக்கல்தான். நார்மல் அளவு என்பது பொதுவாக ஆரோக்கியமானவர்களில் 95 சதவீதம் பேர் அடங்கும்படி வகுத்தது. ஒன்றையொன்று சாராத 20 பரிசோதனைகளைச் சேர்த்துச் செய்தால், நோயே இல்லாத 100 பேரில் சுமார் 64 பேருக்கு ஏதாவது ஒரு எண் கோட்டைத் தாண்டியிருக்கும்.

நியூயார்க் இதற்கு நேர் எதிர். பொதுவாக, சீட்டு எழுத அதிகாரம் உள்ளவர் கேட்டால்தான் லேப் பரிசோதனை செய்யும். முன்பெல்லாம் டாக்டரின் எழுத்துப்பூர்வ சம்மதம் இல்லாமல் ரிசல்ட்டைக்கூட நோயாளி கையில் தரமாட்டார்கள். 2014ல் வந்த மத்திய அரசு விதிதான் அந்தப் பூட்டை உடைத்தது. இன்று ரிசல்ட்டை நேரே கேட்டு வாங்கலாம், பரிசோதனையைப் பொதுவாக நாமே கேட்க முடியாது. குழம்புகிறவரைக் காப்பதற்கென்று போட்ட வேலி, பத்து வருஷமாகத் தன் சர்க்கரையைத் தானே கவனித்து வருகிறவரையும் சேர்த்தே தடுக்கிறது. அவருக்கு வேண்டியது, கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ஹெச்பிஏ1சி என்ற ஒரே எண். அதற்கு முதலில் அப்பாயின்ட்மென்ட், அதற்கொரு கட்டணம்.

கலிஃபோர்னியா நடுவில் நிற்கிறது. கர்ப்பம், சர்க்கரை, கொலஸ்ட்ரால், மலத்தில் ரத்தம் ஆகியவற்றோடு, கடையில் சீட்டில்லாமல் விற்க எஃப்டிஏ (மருந்துகளுக்கு அனுமதி தரும் மத்திய அமைப்பு) அனுமதித்த கிட் எதற்கெல்லாம் உண்டோ, அவற்றையும் லேபில் நாமே கேட்கலாம். எனக்குப் பிடித்தது இந்த வழிதான். சாதாரண ஆள் பார்த்துப் புரிந்துகொள்ளக்கூடிய எண்களை மட்டும் அவர் கையில் விடுகிறார்கள்.

நான்காவதாக ஒரு குறுக்கு வழியும் உண்டு. இணையத்தில் பணம் கட்டினால், நாம் முகம்கூடப் பார்க்காத ஒரு டாக்டரின் கையெழுத்தோடு ஆர்டர் வந்துவிடும். அந்த டாக்டருக்கு நம் மாத்திரைப் பெட்டியில் பயோட்டின் இருப்பது தெரியாது. இதில் அரிசோனாவின் சுதந்திரமும் இல்லை, நியூயார்க்கின் பாதுகாப்பும் இல்லை; சட்டத்துக்கு ஒரு கையெழுத்து கிடைக்கிறது, அவ்வளவுதான். எனக்கு இந்த வழி அறவே பிடிக்கவில்லை.

பணத்தையும் சொல்லிவிட வேண்டும். நாமே கேட்டுச் செய்துகொள்ளும் பரிசோதனைக்கு, முக்கியமாக முதியவர்களுக்கான அரசு இன்ஷூரன்ஸான மெடிகேர் பணம் தராது, மற்ற இன்ஷூரன்ஸும் பொதுவாகத் தராது. அதனால் அரிசோனாவில்கூட, டாக்டர் எழுதினால் இன்ஷூரன்ஸில் போயிருக்கும் அதே பரிசோதனைக்கு லேப் கவுன்ட்டரில் நம் கார்டைத்தான் தேய்க்க வேண்டும்.